கொசுறுத் தட்டு

தக்காளி வாங்கினால் தராசுத் தட்டின் அடியில் கைவிட்டுத் தடவிப் பார்க்கிற ஆள் நான். பால் பாக்கெட்டின் மேல் இருக்கிற தேதி அச்சடித்ததா, ஒட்டியதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பேன். சொந்தக்காரர்கள் எனக்கு வைத்த பெயர் சந்தேகப் பிராணி. என் கல்யாணம் பதினோரு மாதத்தில் முடிந்து போனதற்கும் இந்தப் புத்திதான் காரணம் என்பார்கள். அந்த விஷயத்தில் என் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது, அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

இந்தப் புத்திக்குத் தோதாக ஒரு வேலையும் கிடைத்தது. விஞ்ஞானிகள் செய்கிற சோதனை நிஜமா, சோடிப்பா என்று நேரில் போய்ப் பார்த்து எழுதித் தரவேண்டும். பத்தொன்பது வருஷமாகச் செய்கிறேன். ‘முறைகேடு இல்லை’ என்று நான் கையெழுத்துப் போட்ட அறிக்கைகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதனாலேயே நித்திலா கையெழுத்து என்றால் ஒரு மதிப்பு.

தேன்கனிக்கோட்டைப் பட்டுப்புழு விவகாரம் என்னிடம் வந்தபோது என் தங்கை ஆதிரை இரண்டு மாதம். ஏழு வருஷம் கழித்துத் தரித்தது. அவள் புருஷன் சுடலைக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை. இப்போது எங்கள் ஊரில் வருஷத்தில் எட்டு மாதம் நாற்பத்தைந்து டிகிரி அடிக்கிறது. உப்பு வார ஆட்கள் விடியுமுன் போய்க் காலை எட்டு மணிக்கெல்லாம் ஓடி வந்துவிட வேண்டும். போன கோடையில் எங்கள் தெருவில் மட்டும் ஒன்பது பிணம் விழுந்தது. இந்தப் பூமியில் இனிமேல் பிறக்கிற பிள்ளை எப்படிப் பிழைக்கும் என்கிற பயம் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் உண்டு.

அந்தப் பயத்தின் மேல்தான் வெக்கை வாரியம் கடை விரித்தது. கர்ப்பிணிகள் இரண்டாம் மாதத்திலிருந்து ஐந்தாம் மாதம் வரை, தினம் நான்கு மணி நேரம், நாற்பத்தாறு டிகிரி வெக்கைக் கூடத்தில் உட்கார வேண்டும். தாயின் உடம்பு வெக்கைக்குப் பழகும். அந்தப் பழக்கம் பிள்ளைக்கும் இறங்கும். ‘நானூறு தாய்மார், நானூறு குழந்தைகள்’ என்று முதல் கூடத்தைப் பற்றிச் சுவர் சுவராக விளம்பரம். தூத்துக்குடிக் கூடத்திலும் நானூறு நாற்காலிதான். ஆதிரை காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள்.

“நானூறு ஏம்ட்டி? ஐந்நூறு வைக்கக் கூடாதா?” என்று அவளிடம் கேட்டேன்.

“புழுச் சோதனையில நானூறுதானாம். அதேபடி செய்யுதாவ,” என்றாள். “அக்கா, அந்தப் புழுவத்தான நீ பாக்கப் போற? நீ பாத்துட்டுச் சரின்னு சொல்லிரு. நான் கண்ண மூடிக்கிட்டுப் போய் உக்காந்துருதேன். நீயே சரின்னு சொன்னா அது சாமி சொன்ன மாதிரி.”

அவள் வயிற்றுப் பிள்ளை என் பேனா முனையில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. சந்தேகப்படுகிறவளுக்கு வேண்டியவர்கள் இருக்கக் கூடாது.

*

தேன்கனிக்கோட்டையில் அந்தப் புழுச் சோதனையைச் செய்த டாக்டர் சடகோபன் ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் நான்கு பேனா. என்னைப் பார்த்ததும் காபி தரவில்லை, சாவிக்கொத்தைத் தந்தார்.

“எல்லா அறைக்கும் சாவி இதுல இருக்கு மேடம். எங்க வேணா போங்க, எதை வேணா உடைங்க.”

இப்படித் தாராளமாகச் சாவி கொடுக்கிறவனைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

அவர் செய்திருந்தது இதுதான். பட்டுப்புழுவுக்கு இருபத்தைந்து டிகிரிதான் தோது. முப்பதைத் தாண்டினால் நோய் வந்து சாகும். அவர் புழுக்களை ஒரு சூட்டு அறையில் வளர்த்தார். தலைமுறைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றினார். ஐந்து வருஷத்தில் முப்பத்தொரு தலைமுறை. ஒவ்வொரு தலைமுறையிலும் நூறு முட்டைகளை முத்திரை வைத்து வேறு ஊரில் இருக்கிற வேறு கூடத்துக்கு அனுப்புவார். அங்கே எடுத்த எடுப்பில் முப்பத்தேழு டிகிரியில் வளர்ப்பார்கள். முதல் தலைமுறையில் நூற்றுக்குப் பதினொன்று பிழைத்தது. முப்பத்தொன்றாம் தலைமுறையில் எண்பத்து மூன்று.

“சூடு தாங்காதது செத்திருக்கும், தாங்கினது முட்டை போட்டிருக்கும். இதில் என்ன புதுசு? டார்வின் சொன்னதுதானே?” என்றேன்.

அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒண்ணுகூடச் சாகலையே மேடம். அதுதான் என் சோதனையோட உயிரு. சூட்டு அறையில தட்டுக்கு நானூறு புழு விடறோம். நானூறு கூடு எடுக்கறோம். முப்பத்தொரு தலைமுறையும் அப்படித்தான். சூட்டை அவ்வளவு மெதுவா ஏத்தினேன். எல்லாமே பிழைச்சது, எல்லாமே முட்டை போட்டுது. சாவு இல்லாத இடத்துல டார்வினுக்கு என்ன வேலை? புழு பழகிச்சு, பழகினதைப் பிள்ளைக்குக் கொடுத்துச்சு. வேற வழியே இல்ல.”

“அதாவது லாமார்க்.”

“அதாவது லாமார்க். ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிக் கழுத்து நீண்டுச்சுன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிச் சிரிக்க வைக்கிறாங்களே, அந்த லாமார்க். உயிரினங்கள் மாறும்னு சொல்லவே தைரியம் வேண்டியிருந்த காலத்துல மாறும்னு சொன்ன மனுஷன். அப்புறம் டார்வின் வந்தார். பிறக்கிறது எல்லாம் பிழைக்கிறதில்ல, பிழைச்சதோட பிள்ளைதான் அடுத்த தலைமுறைன்னார். ஆனா ஒரு குணம் பிள்ளைக்கு எப்படிப் போகுதுன்னு அவருக்கும் தெரியாது. உடம்போட ஒவ்வொரு பாகத்துலேருந்தும் துகள் வந்து சேருதுன்னு எழுதினார். அதுவும் பாதி லாமார்க்தான். முன்வாசல்ல துரத்தினவரைப் பின்வாசல்ல அவரே உள்ள விட்டார்.”

“பிறகு எலி வாலை வெட்டினார்கள்.”

“வெய்ஸ்மான். இருபது தலைமுறை வெட்டிப் பார்த்தும் வாலோடவேதான் பிறந்துச்சு. உடம்புக்கு நடக்கிறது விதைக்குப் போகாதுன்னு முடிச்சார். மெண்டலோட பட்டாணிக் கணக்கும் வெளிய வந்துச்சு. லாமார்க் கதை முடிஞ்சுதுன்னாங்க. முடியலையே. அம்பது வருஷத்துக்கு ஒரு தடவை யாராவது மறுபடி கிளப்பறாங்க. ஏன் தெரியுமா? அதுல ஒரு நியாயம் இருக்கு மேடம். நாம பட்ட பாடு வீணாகலை, பிள்ளைக்குப் போய்ச் சேருதுங்கற நியாயம். டார்வின் கிட்ட அந்த நியாயம் கிடையாது. அங்க கழிவுதான்.”

நியாயம் என்கிற சொல்லை விஞ்ஞானி வாயில் கேட்டால் எனக்குக் காது விடைக்கும். எது நடக்க வேண்டும் என்று ஒருவன் ஆசைப்படுகிறானோ, அதைத்தான் அவன் கை அவனுக்கே தெரியாமல் செய்து வைக்கும்.

“வியன்னாத் தேரை ஞாபகம் இருக்கா சார்?” என்றேன்.

எங்கள் பயிற்சியில் முதல் பாடமே அதுதான். நூறு வருஷத்துக்கும் முன்னால், தேரைகளைத் தண்ணீரில் வாழப் பழக்கினேன், காலில் கறுப்புத் திட்டு வந்தது, அது பிள்ளைகளுக்கும் இறங்கியது என்றார் ஒருவர். வேறொருவர் போய்ப் பார்த்தபோது அந்தக் கறுப்பு வெறும் மை. மை வைத்தது யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது. தேரை வளர்த்தவர் சில வாரத்தில் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு செத்தார்.

சடகோபன் சிரிப்பை நிறுத்தினார். “தினமும் நினைக்கிறேன். அதனாலதான் இந்த அஞ்சு வருஷத்துல நான் புழு வளர்ப்பு மனைக்குள்ள காலே வைக்கலை. என் கை ஒரு புழு மேலயும் பட்டதில்ல. விடறது மெஷின், எண்றது கேமரா. உள்ள போறது கெம்பம்மா ஒருத்திதான், இலை போட, படுக்கையைச் சுத்தம் பண்ண. அவளுக்கு லாமார்க்கும் தெரியாது, டார்வினும் தெரியாது. அவ ஏமாத்தணும்னு நினைச்சாக்கூட எதைச் செய்யணும்னு தெரியாது.”

நானூறு போட்டு நானூறு எடுக்கிறேன் என்றாரே, அது என் தொண்டையில் மீன் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நானூறு தக்காளி வாங்கினால் நாலாவது அழுகும். நானூறு உயிர், சூட்டில், முப்பத்தொரு தலைமுறை, ஒரு சாவு கிடையாதா?

*

நாலு நாள் துருவினேன். முட்டைக்கு வைத்த முத்திரைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். வெளியூர்க் கூடத்துக்குச் சொல்லாமல் போய் நின்றேன். சூட்டு அறையின் வெப்பமானியைக் கழற்றி என்னுடையதை மாட்டினேன். மின்சார மீட்டரையும் பார்த்தேன், ஏனென்றால் சூடு ஏற்றுவதாகச் சொல்லிவிட்டு ஏற்றாமல் இருந்தால் மீட்டர் காட்டிக் கொடுத்துவிடும். எல்லாம் சுத்தம். கேமரா எண்ணிக்கை காலை நானூறு, மதியம் நானூறு, மாலை நானூறு.

கேமராப் பதிவை ஓட்டிப் பார்த்தபோது ஒன்று தென்பட்டது. தினம் காலை ஏழிலிருந்து எட்டு வரை எண்ணிக்கை கிடையாது.

“அது படுக்கை சுத்தம் பண்ற நேரம்,” என்றார் சடகோபன். “பழைய இலையும் எச்சமும் எடுக்கணும். புழு இடம் மாறும், கை குறுக்க வரும், கேமராவுக்குக் கணக்கு வராது. முன்னால நானூறு, பின்னால நானூறு. நடுவுல என்ன இருக்கு?”

“நடுவில்தான் சார் எல்லாமே இருக்கும்,” என்றேன்.

மறுநாள் கெம்பம்மாவோடு நானும் தலைக்கு உறை போட்டுக்கொண்டு உள்ளே போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டிலும் பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். ஓசூர்ப் பக்கத்துத் தமிழ், நடு நடுவே கன்னடம். அந்தச் சூட்டில் எனக்கு ஐந்தாவது நிமிஷமே கண்ணைக் கட்டியது. அவள் வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, மாமியார் ஊருக்குப் போயிருக்கிற சந்தோஷத்தைச் சொல்லிக்கொண்டே வேலை செய்தாள்.

“மாமியா இருந்தா இந்நேரம் மூணு தடவை போன் வந்திருக்கும் மேடம். சோறு வடிச்சியா, வடிச்சியான்னு.”

வாய் பேசிக்கொண்டிருந்தது. நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புது இலையைத் தூவினாள். புழுக்கள் இலைக்கு ஏறின. பழைய இலைச் சருகைச் சுருட்டினாள். சுருட்டும்போது வலது கையின் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் நடுவே நடுவே எதையோ கிள்ளிக் கூடையில் போட்டன. அவள் கண் கூடையைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன எடுத்தே?” என்றேன்.

“எங்க மேடம்?”

“இப்ப. கூடையில போட்டியே.”

அவள் தன் கையைத் தானே திருப்பிப் பார்த்தாள். பிறகு கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். சருகுக்கு நடுவே ஏழெட்டுப் புழு நெளிந்துகொண்டிருந்தது.

“ஓ, அதுங்களா. சோம்பேறிப் புழு மேடம். இலை போட்டா ஓடி வராது, தலையத் தூக்காது. அது சீக்குக்குப் போறது. விட்டா தட்டு முழுக்கப் பரவிடும். அதை எடுக்கறது ஒரு வேலையா? மூக்கு சிந்தற மாதிரி. வீட்டுல கோழிக்குப் போடுவோம். இங்க சுண்ணாம்புல போட்டுடறது.”

“தினமுமா?”

“தினம்தான். சுத்தம்னா அதுதானே மேடம்.”

“அப்படின்னா நானூறு எப்படி நானூறாவே இருக்கு?”

கெம்பம்மா பெருமையாக அடித்தட்டுப் பக்கம் குனிந்தாள். சாக்கு போட்டு மூடியிருந்தது. விலக்கினாள். பெயர் எழுதாத ஒரு தட்டு. அதில் கொழுகொழுவென்று புழுக்கள் இலையைச் சரசரவென்று தின்றுகொண்டிருந்தன.

“இது கொசுறு மேடம்.”

“கொசுறா?”

“மெஷினு நானூறு எண்ணி விடும். முட்டைத் தாளுல எப்பவும் கூடவே இருக்கும். மிச்சத்தைக் குப்பையில போடுன்னு எழுதியிருக்கு. உசுரோட பொரிஞ்சு வந்ததை எப்படி மேடம் குப்பையில போடறது? பாவம் இல்லையா? கத்தரிக்காய் வாங்கினா ரெண்டு கொசுறு போடறாங்க, அதைத் தூக்கியா எறியறோம்? அதான் இங்க வளர்க்கறேன். மேல எத்தனை எடுக்கறேனோ அத்தனை இதுலேருந்து நல்ல புழுவா எடுத்து விட்டுடுவேன். சார் நானூறுன்னா நானூறு இருக்கணும்னு சொல்லியிருக்காரு. ஒரு நாள்கூடக் குறைய விட்டதில்ல. நீங்களே எண்ணிப் பாருங்க.”

நான் எண்ணவில்லை. பொய் கிடையாது, களவு கிடையாது. பத்தொன்பது வருஷத்தில் நான் பார்த்த ஆட்களிலேயே சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்த ஆள் இவள்தான். இரண்டு விரலால் முப்பத்தொரு தலைமுறையாக, சூடு தாங்காத புழுவையெல்லாம் கழித்துக் கட்டியிருக்கிறாள். சூடு எந்தப் புழுவுக்கும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. தாங்காதது தட்டில் இல்லை, அவ்வளவுதான்.

“என் மேல ஏதாவது தப்பா மேடம்?” என்று கெம்பம்மா கேட்டாள். குரல் இறங்கிவிட்டது.

“உன் மேல ஒண்ணும் இல்லம்மா. ஏன் யாருகிட்டயும் சொல்லலை?”

“யாரும் கேக்கலையே. கொசுறைப் போய் யாராவது எழுதி வைப்பாங்களா?”

சடகோபனைக் கூட்டி வந்தேன். ஐந்து வருஷத்துக்குப் பிறகு அவர் அந்த அறைக்குள் காலை வைத்தார். கெம்பம்மா மறுபடி ஒருமுறை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் அடித்தட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்து ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் விட்டுக்கொண்டார். முதல் தடவையாக அவர் கை ஒரு புழுவின் மேல் பட்டது.

“லாமார்க்குன்னு பேர் வெச்சு டார்வினை வளர்த்திருக்கேன்,” என்றார். புழுவைத் திரும்பத் தட்டில் விட்டுவிட்டு, “நான் தினம் உள்ள வந்திருந்தா முதல் வாரமே பார்த்திருப்பேன். மை வெச்சான்னு சொல்லிடுவாங்களேன்னு பயந்தேன்,” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. தப்பை மறைக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பழக்கம். இவர் என் கண் முன்னாலேயே தன் சோதனை தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அன்று மதியம் அவர் அறையில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது சுவரில் இருந்த வாரியத்து நாட்காட்டியைப் பார்த்தேன். நூறு தடவை பார்த்த விளம்பரம். நானூறு தாய்மார், நானூறு குழந்தைகள். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. ஏழு வருஷமாகப் பிள்ளைக்குத் தவம் கிடந்தவளின் அக்கா நான், ஒரு பிள்ளை தங்குவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியாதா? நானூறு கர்ப்பிணிகளைக் குளுகுளு அறையில் பட்டு மெத்தையில் வைத்திருந்தாலும் நானூறும் தங்காது. வெக்கையில் எப்படித் தங்கியது?

அறிக்கை எழுதி அன்றே வாரியத்துக்கு அனுப்பினேன். மூன்று பத்தி. முதல் பத்தி: ‘இச்சோதனையில் யாரும் ஏமாற்றவில்லை. முறைகேடு இல்லை.’ டாக்டரும் கெம்பம்மாவும் பழிக்கு ஆளாகக் கூடாது என்று அதை முதலில் வைத்தேன். இரண்டாம் பத்தி: கழித்ததும் கொசுறும், ஆகவே முடிவு தவறு. மூன்றாம் பத்தி: முதல் வெக்கைக் கூடத்தில் இடையில் விலகியவர்களின் பட்டியலை உடனே காட்ட வேண்டும், அதுவரை எல்லாக் கூடங்களையும் மூட வேண்டும்.

வாரியத்துச் செயலர் குணபாலன் மறுநாளே போனில் வந்தார். குரலில் தேன் ஒழுகியது. “நித்திலா மேடம், நீங்களே முறைகேடு இல்லைன்னு எழுதிட்டீங்க. இதைவிட எங்களுக்கு என்ன வேணும்.”

“மத்த ரெண்டு பத்தியையும் படிச்சீங்களா சார்?”

“அது நிபுணர் குழுவுக்குப் போயிருக்கு. ஆறு மாசத்துல கருத்துச் சொல்வாங்க.”

“ஆறு மாசத்தில் எத்தனை பேர் உட்காருவாங்க சார்?”

“நானூறு பேர்தான் மேடம். எப்பவும் நானூறுதான்,” என்றார்.

உடனே ஆதிரையைக் கூப்பிட்டேன். போன் அணைந்திருந்தது. சுடலைக்குப் போட்டேன், அவனும் எடுக்கவில்லை. சாயங்காலம் அவளே அழைத்தாள்.

“அக்கா, கூடத்துக்குள்ள போன் கொண்டு போகக் கூடாதுன்னுட்டாவ, அதான் எடுக்கல. முந்தாநாள் போன் வந்துச்சு, ஒரு இடம் காலியாயிட்டுன்னு. உங்கிட்டக் கேட்டுட்டுச் சொல்லுதேன்னேன். இன்னைக்குக் காலையில போய்ப் பாத்தா வாசல்லயே உன் பேரு. அப்புறம் என்ன? இன்னைலேருந்து சேந்துட்டேன்.”

“என் பேரா?”

“பெரிய போர்டு வச்சிருக்காவ அக்கா. ‘யாரும் ஏமாற்றவில்லை. முறைகேடு இல்லை. நித்திலா.’ உன் கையெழுத்தே இருக்கு. நான் எல்லார்ட்டயும் சொன்னேன், எங்க அக்கா சாமியவே சந்தேகப்படுவா, அவளே எழுதியிருக்கான்னு.”

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புழு, விரல், கொசுறு, மூன்று பத்தி. சொல்லச் சொல்ல எனக்கே அது என் வழக்கமான புலம்பலாகக் கேட்டது. அவளும் அப்படித்தான் கேட்டிருப்பாள்.

“எழுதும்போது சரின்னு எழுதிட்டு இப்பப் பயப்படுதியாக்கும். ஏழு வருசம் கழிச்சு வந்துருக்கு, அக்கா. அது பிறந்து இந்த வெக்கையில செத்துப் போச்சுன்னா நீ வந்து தூக்குவியா?”

அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். “சரி. நீ எதையும் நம்ப வேண்டாம். ஒண்ணு மட்டும் செய்ட்டி. உன் நாற்காலியில உன் பேரு போட்டிருக்கா?”

“ஆமா. இருநூத்திப் பன்னெண்டு. சீட்டு ஒட்டியிருக்காவ.”

“அதை நகத்தால சுரண்டிப் பாரு.”

*

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் தூத்துக்குடிக் கூடத்தின் வாசலில் நின்றேன். ராத்திரி முழுக்கப் பஸ். உள்ளே விடமாட்டோம் என்றார்கள். என் கையெழுத்து வாசலில் ஆள் உயரத்துக்கு இருந்தது, அதன் நிழலில்தான் நின்றேன். வேறு நிழல் அங்கே கிடையாது.

பதினொன்றரைக்கு ஆதிரை வெளியே வந்தாள். முகமெல்லாம் வேர்த்து, புடவை உடம்போடு ஒட்டி, ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு வந்தாள். விரல் நுனியில் காகிதச் சீட்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கனமாக ஒட்டியிருந்தன. ஓரத்தில் நகத்தால் பிரித்திருந்தாள்.

“என் பேருக்குக் கீழ ரோஸ்லின் அக்கா,” என்றாள். “அதுக்குக் கீழ பேச்சித்தாய். அதுக்குக் கீழ யாரோ பர்வீன். அதுக்குக் கீழயும் ஒண்ணு இருக்கு, கிழிஞ்சுட்டு, படிக்க முடியல.” கொஞ்சம் மூச்சு வாங்கினாள். “இந்தக் கூடம் திறந்து மூணு மாசந்தான் ஆகுது.”

“ரோஸ்லினுக்கு என்ன ஆச்சு?”

“பக்கத்து நாற்காலிக்காரிட்டக் கேட்டேன். போன வெள்ளிக்கிழமை உக்காந்த இடத்துலயே ரத்தமா போயிருக்கு. தூக்கிட்டுப் போயிட்டாவளாம். சாயங்காலமே எங்க வீட்டுக்குப் போன் வந்துருக்கு, ஒரு இடம் காலியாயிட்டுன்னு.” என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “நாந்தானா அக்கா அந்தக் கொசுறு?”

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். வாசல் மேசையில் இருந்த ஆள் ஒரு நோட்டை நீட்டினான். ‘தானாக விலகினார்’ என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது. ஆதிரை கையெழுத்துப் போடும்போதே அவன் போனை எடுத்து ஒரு நம்பரை அழைத்தான். நான் முந்தைய பக்கங்களைப் புரட்டப் போனேன். நோட்டைப் பிடுங்கிக்கொண்டான்.

சுடலை வந்து ஆதிரையைக் கூட்டிப் போனான். நான் போகவில்லை. யார் வரப்போகிறாள் என்று தெரிந்தாக வேண்டும். அரை மணி நேரத்தில் வந்தாள். இருபத்து நான்கு வயதுக்கு மேல் இருக்காது. கையில் தண்ணீர் பாட்டில், தலையில் மல்லிகை, இன்னும் வயிறு தெரியவில்லை. மேசைக்காரன் பெயர் எழுதிக்கொண்டு, கூப்பிடும்வரைக்கும் அங்கே போட்டிருந்த பெஞ்சில் உட்காரச் சொன்னான்.

நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “தாயி, உள்ள போகாத. உனக்கு முன்னால அந்த நாற்காலியில அஞ்சு பேர் இருந்திருக்காவ. எல்லாரையும் கழிச்சுட்டாவ.”

அவள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். “நீங்க யாரு?”

“புழுச் சோதனையப் பார்த்தவ. இது சரியில்லம்மா.”

அவள் பாட்டிலாலேயே போர்டைக் காட்டினாள். “அந்த அம்மா பாத்துட்டுத்தான் சரின்னு எழுதியிருக்காவ. ரொம்பச் சந்தேகப்படுற ஆளாம். அவுகளே சொல்லியாச்சு.”

“அந்த நித்திலா நான்தான்.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். ராத்திரிப் பஸ்ஸில் கசங்கிய சேலை, கலைந்த தலை, செம்மண் ஒட்டிய செருப்பு. தராசுத் தட்டின் அடியில் கைவிடும்போது நான் பார்க்கிற பார்வை அது.

“யார் வேணா வந்து நான்தான் நித்திலான்னு சொல்லலாமே,” என்றாள். “அட்டை இருக்கா?”

சரியான கேள்வி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இரும்மா, காட்டுதேன் என்று பைக்குள் கையை விட்டேன். சாவி, சீப்பு, மாத்திரை, ஆதிரை விரலில் இருந்து நான் எடுத்துப் பத்திரப்படுத்திய சீட்டுகள், எல்லாம் கையில் வந்தன. அட்டை அடியில் எங்கோ கிடந்தது. அது கைக்குக் கிடைப்பதற்குள் உள்ளேயிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு என்று கூப்பிட்டார்கள். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.